இலைக்கஞ்சி எல்லாருக்கும் ஆகுமோ? வருத்தக்காரருக்குப் பிள்ளையள் சமைக்கிறது பற்றி

மாங்குளம்_பொடியன் | 4 மாசி 2024, பி.ப. 7.15

எங்கட சனசமூக நிலையத்தில 14 தொடக்கம் 18 வயது வரை பத்துப் பேர் இருக்கிறம். கிழமையில இரண்டு நாள், ஊரில பெரிய வருத்தத்தோட இருக்கிற 12 பேருக்கு மத்தியானச் சாப்பாடு சமைச்சுக் குடுக்க யோசனை. கலிபோர்னியாவில செபஸ்தபோல் எண்ட சின்ன ஊரில 2007 தொடக்கம் பள்ளிக்கூடப் பிள்ளையள் புற்றுநோய்க்காரருக்குச் சமைக்கினம் எண்டு பாத்தனாங்கள். அங்க பதின்வயதுப் பிள்ளையளால ஏலுமெண்டால் இஞ்ச ஏன் ஏலாது?

திட்டம் இதுதான்: ஒரு கிடாரம் இலைக்கஞ்சி. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை எல்லாம் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு. ஆளுக்கொரு இளநி. கஞ்சி ஒருத்தருக்கும் பிழை செய்யாதுதானே. கிடாரம் கோயில்ல கேட்டு எடுக்கலாம். வேற என்ன வேணும்?

அகப்பை | 4 மாசி, இரவு 9.02

பிழை செய்யும். 12 பேரில ஒருத்தர் சிறுநீரக வருத்தக்காரர் எண்டால் அந்த இளநியே காணும், ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏத்த. ஒரு இளநியில 500 மில்லிகிராமுக்கு மேல பொற்றாசியம் இருக்கு. வேலை செய்யாத சிறுநீரகம் அதை வெளியில விடாது. இரத்தத்தில ஏறி இதயத் துடிப்பைக் குழப்பும். முருங்கையிலையும் அதே கணக்கு. "உடம்புக்குக் குளிர்மை" எண்டு பாக்க வாறவை எல்லாரும் இளநியோடதான் வருவினம்; அதை முதல்ல நிப்பாட்டுங்கோ.

இது எங்கட பக்கத்தில சும்மா சொல்லுற பயம் இல்லை. காரணம் சரியாத் தெரியாத அந்தச் சிறுநீரக நோய் 1990களில இலங்கையின்ர வடமத்திய மாகாணத்தில கவனத்துக்கு வந்தது. வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளிலயும் இருக்கு. உங்கட 12 பேரில அப்பிடி ஆக்கள் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வருத்தக்காரருக்குக் கோழியும் வேண்டிவரும்; கோயில் கிடாரத்தில அதைப் போடப் போறியளோ? ஐயரிட்ட முதல்ல கேளுங்கோ.

கிளினிக்_கொப்பி | 4 மாசி, இரவு 9.40

அகப்பை சொன்னதோடு ஒன்று. "சிறுநீரகம்" என்று ஒரே பெயர் இருந்தாலும் சாப்பாடு இரண்டு வகை. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள்: உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை. டயாலிசிஸ் செய்பவருக்குக் கூட்டச் சொல்வார்கள்: 1.0 முதல் 1.2 கிராம். இயந்திரத்தோடு புரதத்தின் ஒரு பங்கு போய்விடுவதால் அப்படி. 50 கிலோ ஆள் என்றால் முதலாமவருக்கு 30–40 கிராம், மற்றவருக்கு 50–60 கிராம். ஒரே முட்டையை ஒருவருக்கு அளந்து வைக்க வேண்டும், மற்றவருக்கு வற்புறுத்தித் தீத்த வேண்டும்.

ஆகவே நோயின் பெயரை மட்டும் வைத்துச் சமைக்காதீர்கள். ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதியது என்ன என்று வீட்டாரைக் கேட்டு, குடும்பநல உத்தியோகத்தர் அக்காவிடம் காட்டி உறுதிப்படுத்திய பிறகு அடுப்பு மூட்டுங்கள்.

மாங்குளம்_பொடியன் | 5 மாசி, மாலை 6.20

அப்ப 12 பேருக்கு 12 சட்டியோ? அடுப்பு மூண்டுதான் இருக்கு.

அகப்பை | 5 மாசி, இரவு 8.30

ஒரு சட்டி காணும். சட்டிக்குள்ள போனதை வெளியில எடுக்கேலாது எண்டதை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ. எல்லாருக்கும் பொதுவாச் சரியானது மட்டும் சட்டிக்குள்ள. உப்பு, மிளகு, கறித்தூள், புளி, தேங்காய்ப்பால், இலை, எல்லாம் பிரிச்ச பிறகு.

12 பேருக்குப் பொதுச் சட்டி:

தோல் நீக்கின புறொயிலர் கோழி எலும்போட 2 கிலோ, பெரிய துண்டாய். இஞ்சி 30 கிராம், உள்ளி 40 கிராம், மஞ்சள் ஒரு தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 200 கிராம், கறிவேப்பிலை, இரம்பை ஒரு துண்டு. தண்ணி 3 லீற்றர். உப்பு இல்லை. கொதி வந்த உடன நெருப்பைக் குறைச்சு 40 நிமிசம். கடகடவெண்டு கொதிக்க விட்டால் இறைச்சி நார் நாராய் இறுகிப் போகும், வாய் புண்ணான ஆளால சப்பேலாது. எலும்போட ஒட்டின இடத்தில வெப்பமானி குத்தினால் 75 பாகையாவது காட்ட வேணும். வெப்பமானி இல்லாட்டி வாங்குங்கோ. கிடாரத்துக்கு முதல் வாங்க வேண்டியது அதுதான். இரண்டாவது, 5 கிலோ வரை நிறுக்கிற டிஜிற்றல் தராசு.

எலும்பு கழிச்சால் ஏறக்குறைய ஒரு கிலோ இறைச்சி தேறும். ஆளுக்கு 80 கிராம், அதில 20 கிராமுக்குக் கிட்டப் புரதம். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு 40 கிராம் மட்டும் நிறுத்து வையுங்கோ.

இனிப் பிரிக்கிறது.

சிறுநீரகக்காரருக்கு: ஓட்டை அகப்பையால இறைச்சியை மட்டும் அள்ளுங்கோ, சாறு வேண்டாம். இறைச்சியின்ர பொற்றாசியத்தில ஒரு பங்கு சாறுக்குள்ள இறங்கியிருக்கும். புடலங்காய், பீர்க்கங்காய், கோவா, போஞ்சி மாதிரி மரக்கறியை வேற சட்டியில அவிச்சு, தண்ணியை ஊத்திவிட்டுச் சேருங்கோ. தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டியில கடுகு, வெங்காயம், பெருஞ்சீரகம் தாளிச்சுக் கொட்டி, கடைசியில தேசிக்காய் நாலைஞ்சு துளி. உப்பு ஆளுக்கு ஒரு கிராம், நிறுத்துத்தான். ஒரு தேக்கரண்டி உப்பு 5, 6 கிராம் வரும். முழு நாளுக்கும் அவ்வளவுதான் எல்லை எண்டால் ஒரு நேரத்துக்கு அதைப் போடேலாதுதானே.

வாய்ப்புண்காரருக்கு (கீமோ, கதிர்ச்சிகிச்சை): இறைச்சியை உதிர்த்து, சாறோடயும் நல்லா அவிஞ்ச கரட்டோடயும் அரைச்சு, ஆளுக்கு 50 மில்லிலீற்றர் முதற்பால் விட்டு அடுப்பில வைச்சு ஒரு கொதி. மிளகு, தேசிக்காய், புளி, தக்காளி எதுவும் இல்லை. உப்பு மட்டா.

படுக்கைப்புண்காரருக்கு: இறைச்சி, சாறு, அதுக்குள்ள ஆளுக்கு 40 கிராம் மைசூர்ப் பருப்பு அவிச்சு, ஒரு அவிச்ச முட்டை, கீரை வறை. புரதம் 35 கிராம் தாண்டும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு வருசக்கணக்காய்ப் படுக்கையில இருக்கிறவை வன்னியில எத்தினை பேர் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புண் ஆறப் புரதம் வேணும், கிலோவுக்கு 1.25 தொடக்கம் 1.5 கிராம் வரை சொல்லுவினம். கஞ்சித் தண்ணியில அது கிடைக்காது.

வவுனிக்குளம் | 5 மாசி, இரவு 10.15

கோழி மட்டும்தானோ? குளத்தில விரால் இருக்கேக்க. ஒப்பரேசன் காயத்துக்கும் புண்ணுக்கும் எங்கட சனம் விரால்தான் தேடும். திலாப்பியாவும் மலிவு. முள்ளுப் பிரச்சினைக்கு: முழு மீனை இஞ்சி, மஞ்சளோட ஆவியில 15 நிமிசம் அவிச்சு, சூடு ஆறமுன்னம் முதுகுப் பக்கத்தால பிரிச்சால் சதை பாளமாய்க் கழரும். ஆறினால் முள்ளோட ஒட்டும். பிறகு வெள்ளைப் பீங்கானில பரப்பி விரலால தடவிப் பாக்க வேணும், இரண்டு பேர், ஒருத்தர் மாறி ஒருத்தர். விழுங்கக் கஸ்ரப்படுற ஆளுக்கு மீனே வேண்டாம்.

பிள்ளையளைக் கொண்டு அருவாமனையில மீன் வெட்டுவிக்காதேங்கோ. விக்கிற இடத்திலயே செதில் எடுத்து வெட்டி வாங்குங்கோ.

முறிகண்டி_கச்சான் | 6 மாசி, காலை 6.50

சிவப்பரிசியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. தீட்டாத சிவப்புப் பச்சையரிசிச் சோறு எல்லா வருத்தத்துக்கும் நல்லது. வெள்ளையரிசி குப்பை.

கிளினிக்_கொப்பி | 6 மாசி, மதியம் 12.30

எல்லா வருத்தத்துக்கும் நல்லது என்று ஒரு சாப்பாடும் இல்லை. சலரோகக்காரருக்குச் சிவப்பரிசி சரி. சிறுநீரகக்காரருக்குத் தவிட்டில் பொஸ்பரஸும் பொற்றாசியமும் கூட. அவருக்கு வெள்ளையரிசிதான் பொருத்தம். குரக்கன் பிட்டும் சிவப்பரிசி போலத்தான், அவருக்கு வேண்டாம். கீமோவால் வயிற்றோட்டம் உள்ளவருக்கு அந்தக் கிழமைக்குத் தவிடு, கீரை, பயறு எதுவும் வேண்டாம். மோர்பின் குடிப்பவருக்கு எதிர்ப்பக்கம், மலச்சிக்கல்: பப்பாப்பழமும் தண்ணீரும் வேண்டும்.

இன்னொன்று, டயாலிசிஸ் செய்பவருக்குக் கஞ்சியே சிக்கல். அவருக்கு நீர் அளவு இருக்கிறது: பெரும்பாலும் முதல் நாள் போன சிறுநீரின் அளவும் அதோடு 500 மில்லிலீற்றரும். ஒரு கோப்பை கஞ்சி 250 மில்லிலீற்றரைத் தின்றுவிடும். சொதியும் அதே கணக்கில்தான் சேரும். அவருக்குச் சோறு, பிட்டு, இடியப்பம் என உலர்ந்த சாப்பாடு கொடுங்கள், தண்ணீரை அவர் விரும்பிய நேரத்தில் குடிக்கட்டும்.

முறிகண்டி_கச்சான் | 6 மாசி, மதியம் 1.05

சரி, குப்பை எண்டதைத் திருப்பி எடுக்கிறன். பொலிஷ் பண்ணின குப்பை.

மாங்குளம்_பொடியன் | 6 மாசி, மாலை 5.45

பூசணியும் உருளைக்கிழங்கும் எங்களுக்குச் சும்மா கிடைக்கும். ஊறவைச்சுப் போட்டால் பொற்றாசியம் போகும் எண்டு ஒருத்தர் சொன்னவர். எவ்வளவு நேரம்?

அகப்பை | 6 மாசி, இரவு 9.20

பச்சைத் தண்ணியில ஊறவைச்சுப் பெரிசாய் ஒண்டும் போகாது. அவிச்சு ஊத்தினால்தான் போகும். தோல் சீவி, 3 மில்லிமீற்றர் கனத்தில சீவுங்கோ; குண்டு குண்டாய் வெட்டினால் நடுவில இருக்கிறது வெளியில வராது. மரக்கறியின் நிறையைப் போல பத்து மடங்கு தண்ணியில 10 நிமிசம் கொதிக்க வைச்சு ஊத்துங்கோ. புதுத் தண்ணியில திரும்ப அவியுங்கோ, அதையும் ஊத்துங்கோ. உருளைக்கிழங்கில பாதிக்கு மேல குறையும். முழுக்கப் போகாது, அதால கைப்பிடி அளவுதான். அந்தத் தண்ணியை "சத்து வீணாகுது" எண்டு இன்னொரு கறிக்குள்ள ஊத்துற கை ஒண்டு எல்லாக் குசினியிலயும் இருக்கும். சட்டியோட தூக்கி வாழைக்கு ஊத்துங்கோ.

இன்னும் நாலு பொறி:

குறைந்த சோடியம் உப்பு எண்டு பைக்கற்றில விக்கிறது. அதில சோடியத்துக்குப் பதிலாப் பொற்றாசியம் குளோரைட்டு. சிறுநீரகக்காரருக்கு அது சாதா உப்பை விட மோசம்.

காமரங்காய் (நட்சத்திரப் பழம்). ஒரு பழமே சிறுநீரகக்காரருக்குத் தீராத விக்கல், மயக்கம், வலிப்பு வரை கொண்டு போகும். அச்சாறிலயும் வேண்டாம்.

சோயாமீற். ஏழை வீட்டு இறைச்சி எண்டு எல்லாரும் போடுவினம். புண்காரருக்கு நல்லது, சிறுநீரகக்காரருக்கு இல்லை. பைக்கற்றுக்குள்ள வாற தூளை எல்லாருக்கும் எறியுங்கோ, முழுக்க உப்பு.

ரின்மீன், மாசி (காய்ஞ்ச சூரை மீன்), கருவாடு. உப்புக் கட்டுப்பாடு இருக்கிறவருக்கு வாசத்துக்குக் கூட வேண்டாம்.

ரீச்சர்_மனைப்பொருளியல் | 7 மாசி, இரவு 7.30

பிள்ளைகளின் பக்கம் ஒருவரும் எழுதவில்லை. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் குசினிக்குள் நின்றால் ஒருவர் கத்தியோடு திரும்ப மற்றவர் கொதிதண்ணீரோடு வருவார். நான்கு மேசையாகப் பிரியுங்கள்: கழுவுவது–வெட்டுவது மூன்று பேர், அடுப்பு இரண்டு பேர், நிறுப்பது–பிரிப்பது மூன்று பேர், கரியர்–பாத்திரம் இரண்டு பேர். பச்சை இறைச்சி தொட்டவர் அன்று பிரிக்கும் மேசைக்கு வரக்கூடாது. அடுப்பில் 16 வயதுக்கு மேல், அதுவும் வளர்ந்த ஒருவர் பக்கத்தில் நிற்க. 10 லீற்றருக்கு மேல் கொதிக்கிற எதையும் பிள்ளை தூக்கக்கூடாது. கிடாரத்தைச் சரிக்காமல் அகப்பையால் அள்ளி மாற்றுங்கள். நைலோன் பஞ்சாபியும் தொங்கும் சோலும் அடுப்படிக்கு வேண்டாம். பருத்தி உடுப்பு, மூடிய செருப்பு, கட்டிய தலைமுடி, வெட்டிய நகம், மோதிரம் இல்லை.

கை கழுவுவது சவர்க்காரத்தோடு 20 செக்கன். காய்ச்சல், இருமல், கண்நோய் என்றால் வீட்டில் நிற்க வேண்டும். வயிற்றோட்டம், சத்தி என்றால் நின்ற பிறகும் 48 மணித்தியாலம் வரக்கூடாது. வராமல் நின்றவரைப் பேசாதீர்கள். பேசினால் அடுத்த முறை மறைத்துக்கொண்டு வருவார்.

பரீட்சைக் காலத்துக்கு முன்னரே ஆள் மாற்று அட்டவணை போடுங்கள். சாதாரண தரப் பரீட்சை வந்ததும் சாப்பாடு நின்றுபோனால் தொடங்காமல் இருந்திருக்கலாம்.

முறிகண்டி_கச்சான் | 7 மாசி, இரவு 8.00

ஆம்பிளைப் பிள்ளையளுக்கு இதில என்ன வேலை?

ரீச்சர்_மனைப்பொருளியல் | 7 மாசி, இரவு 8.04

தேங்காய் திருவுவதற்கு மீசை தடையில்லை.

அகப்பை | 10 மாசி, காலை 7.10

கீமோக்காரருக்குத் தனியா எழுத வேண்டியிருக்கு. தெல்லிப்பழை, மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாற ஆளுக்கு, மருந்து ஏத்தி ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள்ள வெள்ளைக் குருதிக் கலம் இறங்கும். அந்த நேரம் கிருமி ஒண்டு வயித்துக்குள்ள போனால் சாதாரண வயித்துக்குத்தோட நிக்காது. அதால பச்சையா ஒண்டும் இல்லை: தேங்காய்ச் சம்பல், வல்லாரைச் சம்பல், பச்சடி, மேல தூவுற கொத்தமல்லி, அரைவேக்காட்டு முட்டை, றோட்டோரம் விக்கிற முட்டித் தயிர். எருமைத் தயிர் எங்கட பெருமைதான், ஆனால் பால் காய்ச்சினதோ எண்டு ஆருக்குத் தெரியும். பழமெண்டால் தோல் உரிக்கிற பழம்: வாழைப்பழம், தோடம்பழம், கழுவித் தோல் சீவின பப்பாப்பழம்.

சொதியில கவனிக்க வேண்டிய இடம்: எங்கட வழக்கத்தில முதற்பாலை விட்டுக் கொதிக்க முதல் இறக்கிறது. கையால பிழிஞ்ச பால் பச்சைப்பால். இவருக்கு அது காணாது. சிறு நெருப்பில ஒரே பக்கமாய்த் துழாவிக்கொண்டு, ஓரத்தில குமிழி வரும்வரை வைக்க வேணும். திரையும் எண்டு பயந்தால் ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கரைச்சு முதலே விடுங்கோ.

மணம் பிடிக்காட்டி சூடாக் குடுக்காதேங்கோ, இளஞ்சூடு போதும். வாய் இரும்பு மாதிரிக் கைக்குது எண்டால் எவர்சில்வர் கரண்டியை மாத்திப் பிளாஸ்ரிக் கரண்டி. ஒரு பீங்கான் சோத்தைப் பாத்தாலே ஓங்காளிப்பார். சின்னக் கோப்பையில ஆறு நேரம் எண்டு வீட்டாருக்குச் சொல்லுங்கோ.

கொஞ்சச் சாப்பாட்டில சத்தைக் கூட்ட: ஒரு கோப்பை கஞ்சிக்கு முழு ஆடைப் பால்மா 25 கிராம் கரைச்சால் 125 கலோரி, 6 கிராம் புரதம் ஏறும். தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி 45 கலோரி. உழுத்தங்கஞ்சி இதுக்கு நல்ல அடி: வறுத்த உழுந்து 50 கிராம், அரிசி 50 கிராம், தண்ணி ஒரு லீற்றர், உள்ளி, கொஞ்ச வெந்தயம், பிறகு பால். கச்சான் (நிலக்கடலை) மாவும் சேர்க்கலாம், ஆனால் சுருங்கினது, கறுத்தது, பூஞ்சணம் பிடிச்சது ஒண்டும் அதுக்குள்ள போகக்கூடாது. வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது, ஈரலுக்குக் கூடாது.

முறிகண்டி_கச்சான் | 10 மாசி, காலை 9.30

என்ர பேரைச் சொல்லிப் பேசினது மாதிரி இருக்கு. நல்ல கச்சான் இஞ்ச இருக்கு, வந்து தெரிஞ்செடுங்கோ.

ஒடியல் கூழ் ஆருக்குக் குடுக்கலாம்?

அகப்பை | 10 மாசி, காலை 10.05

சமைச்ச பிள்ளையளுக்கு. மீன், நண்டு, இறால், பழப்புளி, செத்தல் மிளகாய், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே சட்டியில. இந்த இழையில இதுவரை "வேண்டாம்" எண்டு எழுதினதெல்லாம் அதுக்குள்ள இருக்கு. மாவை ஊறவிட்டு மேல்தண்ணியை இறுக்கக் கசப்புப் போகும், அதை மட்டும் மறக்காதேங்கோ.

கிளினிக்_கொப்பி | 13 மாசி, இரவு 9.10

பாரிசவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுபவர்: தண்ணீர்போல் ஓடும் கஞ்சிக்குள் சோற்றுப்பருக்கை மிதந்தால் அதுதான் மிகவும் ஆபத்து. நீர் முன்னுக்கு ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும், பருக்கை வாயில் நிற்கும். அரிசி 1, தண்ணீர் 6 என்று 45 நிமிடம் அவித்து, அரைத்து, அரிதட்டில் வடித்துக் கொடுங்கள். கரண்டியைச் சரித்தால் வழியாமல் ஒரு கட்டியாக விழ வேண்டும். தடிப்பு எவ்வளவு என்று வைத்தியசாலையில் சொல்லியிருந்தால் அந்த அளவே.

வீட்டாருக்கு இரண்டு சொல்: நிமிர்த்தி இருத்தித்தான் தீத்த வேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கவிடக்கூடாது. வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கோப்பைக்குள் விடக்கூடாது. எச்சில் மாப்பொருளைக் கரைத்துவிடும், பத்து நிமிடத்தில் தடித்த கஞ்சி தண்ணீராகிவிடும். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எடுத்துத் தீத்துங்கள்.

காசநோய்: ஐசோநயசிட் என்ற மருந்து எடுப்பவருக்குச் சூரை, கெலவல்லா போன்ற செங்கறி மீன் கொடுக்காதீர்கள். மீனில் சேரும் ஹிஸ்டமினை உடம்பு அழிப்பதை அந்த மருந்து தடுக்கிறது. முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்து விழுவார்கள். இலங்கையிலேயே பலதடவை பதிவானது. கோழி, முட்டை, பருப்பு பிரச்சினையில்லை. காலை மருந்து வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லியிருந்தால் சாப்பாட்டோடு அதைக் குழப்ப வேண்டாம். கரியரை முற்றத்தில் வைத்து வாங்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் அறைக்குள் போகத் தேவையில்லை.

இன்சுலின் போடுபவரின் வீடு பட்டியலில் முதலாவது. 12.30 என்று சொன்னால் 12.30. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்திருந்தால் சீனி இறங்கி மயங்கிவிடுவார். நேரத்துக்கு வரமுடியாத நாளில் முதலே அறிவியுங்கள்.

வவுனிக்குளம் | 13 மாசி, இரவு 10.30

காசநோய்க்காரர் வீடு எண்டு கரியரில எழுதி ஊரெல்லாம் சைக்கிள்ல கொண்டு போறதோ?

ரீச்சர்_மனைப்பொருளியல் | 14 மாசி, காலை 6.15

எழுதவே கூடாது. கரியரில் இலக்கம் மட்டும். குசினிச் சுவரில் இலக்கத்துக்கு எதிரே "உப்பு 1 கிராம், சாறு இல்லை, கீரை இல்லை" என்று செய்ய வேண்டியது மட்டும் இருக்கட்டும். என்ன நோய் என்பது பொறுப்பான பெரியவர் ஒருவரின் கொப்பியில் இருந்தால் போதும். ஊர் எப்படியும் ஊகிக்கும், அது வேறு. பிள்ளையின் வாயால் போகக்கூடாது. படம் எடுத்து முகநூலில் போடுவதும் இதில் அடங்கும். சமைத்த சட்டியைப் படம் எடுங்கள், சாப்பிடுபவரை வேண்டாம்.

மாங்குளம்_பொடியன் | 2 பங்குனி, பி.ப. 3.40

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பாத்திட்டுப் போனவர். கிணத்துத் தண்ணி கொதிக்க வைச்சுத்தான் பாவிக்க வேணும், குசினி யன்னலுக்கு வலை போட வேணும் எண்டவர். இப்ப கேள்வி, 12 வீடும் 7 கிலோமீற்றருக்குள்ள, சைக்கிள் மூண்டு. வெயில் இப்பவே கொளுத்துது.

அகப்பை | 2 பங்குனி, இரவு 8.50

சமைக்கிறதை விட இதுதான் வில்லங்கம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில சாப்பாடு நிக்கிற நேரம்தான் கிருமி பெருகிற நேரம். இரண்டு மணித்தியாலம் எல்லை எண்டுவினம். 32 பாகைக்கு மேல வெயில் எண்டால் ஒரு மணித்தியாலம். சித்திரையில எங்கட மத்தியானம் எப்பவும் அதுக்கு மேலதான்.

இரண்டு வழி. ஒண்டு, றெஜிபோம் பெட்டி. மீன்காரர் பாவிச்சது வேண்டாம், புதுசு. மற்றது வைக்கோல் பெட்டி: மரப்பெட்டிக்குள்ள எல்லாப் பக்கமும் 10 சென்ரிமீற்றர் காய்ஞ்ச வைக்கோலை இறுக்கி, பழைய பருத்திச் சீலை விரிச்சு, நடுவில கரியர், மேல வைக்கோல் தலைகணி. அறுவடை முடிஞ்ச நேரம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. சோதிக்கிற விதம்: கரியரை கொதிதண்ணியால நிரப்பி மூடிப் பெட்டிக்குள்ள வைச்சு, இரண்டு மணித்தியாலத்தால வெப்பமானி போடுங்கோ. 65க்குக் கீழ காட்டினால் வைக்கோல் காணாது. சாப்பாடு போட முதலும் கரியரைக் கொதிதண்ணியில சூடாக்குங்கோ. குளிர்ந்த கரியர் சாப்பாட்டின்ர சூட்டைக் குடிச்சிடும். அரைக் கரியர் கெதியா ஆறும், நிரம்பின கரியர் மெதுவா ஆறும்.

11.30க்கு மூடி போட்டால் 1 மணிக்குள்ள கடைசி வீடு. மூண்டு சைக்கிளுக்கு ஆளுக்கு நாலு வீடு, அப்ப சரிவரும். பின்னேரத்துக்கு மிச்சம் வைக்கிறதுக்கு இது இல்லை எண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கோ. முக்கியமாச் சோறு: அவிச்சாலும் சாகாத வித்து அதுக்குள்ள இருக்கு, ஆறின சோத்தில அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் கறி வெயிலுக்கு மூண்டு மணித்தியாலம் தாங்காது.

லஞ்ச் சீற்றில (சாப்பாடு சுத்துற மெல்லிய பொலித்தீன்) கட்டாதேங்கோ. 2017இல தடை செய்தும் இன்னும் கடையில கிடக்கு.

வவுனிக்குளம் | 3 பங்குனி, காலை 7.00

கரியரை விறாந்தையில வைச்சிட்டு மணியடிச்சிட்டுப் போகாதேங்கோ. குரங்குக்கு உப்புக் கட்டுப்பாடு இல்லை.

விறகெண்டால் ஒரு சொல்: 2022இல காஸ் இல்லாமல் போனதில இருந்து எல்லாக் குசினியிலயும் விறகடுப்பு இருக்கு. பாலை, வீரை மாதிரி வைரம் பாஞ்ச விறகு நிண்டு எரியும், 40 நிமிசச் சிறு நெருப்புக்கு அதுதான். புகை நெஞ்சு வருத்தக்காரரின்ர வீட்டுப் பக்கம் போகாமல் அடுப்பை வைக்க வேணும்.

கோயில் பித்தளைக் கிடாரம் எண்டால் உள்ளுக்கு வெள்ளீயம் பூசியிருக்கோ எண்டு பாருங்கோ. பூச்சுப் போன பித்தளையில புளி, தேசிக்காய் பட்டால் செம்பு இறங்கும்.

மாங்குளம்_பொடியன் | 21 பங்குனி, இரவு 8.15

கோயில் கிடாரம் வேண்டாம் எண்டு முடிவு. எவர்சில்வர் சட்டி 20 லீற்றரில ஒண்டு கிடைச்சிட்டுது. ஒருத்தர் ஒவ்வொரு முறையும் பாதிச் சாப்பாட்டைத் திருப்பி விடுறார். உருசியில்லை எண்டு சொல்லுறார். உப்பைக் கொஞ்சம் கூட்டலாமோ?

கிளினிக்_கொப்பி | 21 பங்குனி, இரவு 9.00

அவரின் அட்டையில் உப்புக்கு எல்லை இருந்தால் கூட்டாதீர்கள். தாளிதம், வறுத்த சீரகம், உள்ளி, தேசிக்காய் இவற்றைக் கூட்டிப் பாருங்கள், வாய்ப்புண் இல்லை என்றால் மட்டும். திரும்பி வருவதை நிறுத்து எழுதுங்கள்: அனுப்பியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. அடுத்தடுத்து இரண்டு முறை பாதிக்கு மேல் மிஞ்சினால் அது சமையல் பிழையாக இல்லாமலும் இருக்கலாம். விழுங்க முடியாமை, மலச்சிக்கல், மனச்சோர்வு, புதிய மருந்து, ஏதாவது இருக்கும். அந்தக் கொப்பியைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். வைத்தியரிடம் "சாப்பிடுறார் இல்லை" என்று சொல்வதைவிட "400 கிராமில் 180 சாப்பிட்டார்" என்று சொன்னால் அவருக்கு வேலை லேசு.

அகப்பை | 21 பங்குனி, இரவு 9.35

உருசி பாக்கிற ஆள் ஆர்? பிள்ளையளின்ர நாக்கு கொத்துரொட்டி உப்புக்குப் பழகினது. உப்பில்லாத சட்டியை அது எப்பவும் "சப்" எண்டுதான் சொல்லும். உருசியை வேகினதோ, கரிஞ்சதோ, கைக்குதோ எண்டு பாக்க மட்டும் பாவியுங்கோ. உப்பைத் தராசு சொல்லட்டும். பாக்கிற கரண்டி ஒருக்கால்தான் சட்டிக்குள்ள போகலாம்.

மாங்குளம்_பொடியன் | 6 சித்திரை, மாலை 6.00

கரியர் வீட்டுக்கு இரண்டாய் வாங்கியாச்சு, ஒண்டு போக மற்றது வரும். கழுவிக் கொதிதண்ணியும் ஊத்தி வெயிலில காய வைக்கிறம். எண்டாலும் இரண்டு மூண்டில புளிச்ச மணம் நிக்குது.

அகப்பை | 6 சித்திரை, இரவு 7.25

மூடியில இருக்கிற றப்பர் வளையத்தைக் கழட்டுறியளோ? அதுக்குக் கீழ பால்க்கறி ஊறிக் கிடக்கும். ஊசியால நெம்பி எடுத்து, சவர்க்காரத் தண்ணியில ஊறப்போட்டுத் தேய்ச்சு, தனியாக் காய வைச்சுப் பிறகு போடுங்கோ. வெடிச்ச வளையத்தை எறிஞ்சு புதுசு போடுங்கோ, கரியர் விக்கிற கடையில தனியாக் கேட்டால் பெரும்பாலும் குடுப்பினம்.